தாய்ப்பால் கொடுக்கத் திணறும் மும்பை அம்மாக்களுக்கு: முதல் ஆறு வாரக் கேள்விகள்

ஒன்பது மாதமும் பிரசவத்தைப் பற்றியே பேசுகிறோம். பிறந்த குழந்தை மறுநாள் ராத்திரி வீல் வீலென்று அழுதால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் டாக்டர் இல்லை. சயான் கோலிவாடாவில் குடியிருந்து இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள். மூத்தவளுக்குக் கொடுக்க முடியாமல் மூன்று வாரம் அழுதேன். அதன்பிறகு தாராவி, செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் இங்கே இருக்கின்றன.

குழந்தை பிறந்து இரண்டு நாளாகிவிட்டது. எனக்குப் பால் ஊறவே இல்லையே?

ஊறிக்கொண்டுதான் இருக்கும். முதலில் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாக வரும். "இது போதுமா" என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் தோன்றும். முதல் நாள் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்தான், அதாவது 5 முதல் 7 மில்லி. அந்த வயிற்றுக்கு அது போதும். நோயை எதிர்க்கும் சக்தி செறிந்த பால் அது. பழைய பால், கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

மார்பு கனத்துப் பால் நிறைய வருவது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான். சிசேரியன், சர்க்கரை நோய், அதிக ரத்தப்போக்கு, முதல் பிரசவம் இவற்றால் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகலாம். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றுதான். குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்து, 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை வாய் வைக்க விடுங்கள். குழந்தை சப்பச் சப்பத்தான் உடம்புக்குப் பால் செய்யச் சொல்லிச் செய்தி போகும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆனவர்களும் படுத்தபடியே தொடங்கலாம், யாராவது குழந்தையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

என் மூத்தவளுக்கு இரண்டாம் நாளே, என்னைக் கேட்காமல் புட்டியில் பவுடர் பால் கொடுத்துவிட்டார்கள். வயிறு நிறைந்து ஐந்து மணி நேரம் தூங்கினாள். எனக்கு மார்பு கல்லாகிவிட்டது. எழுந்ததும் புட்டிக் காம்பைத் தேடினாள். இப்போது யார் பிரசவத்துக்குக் கிளம்பினாலும் நான் சொல்வது இதைத்தான்: "என்னைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள்" என்று சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்களுக்கு வாய் வராவிட்டால் கணவரைச் சொல்ல வையுங்கள்.

சிஸ்டர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தடுமாறும். எப்படிக் கேட்பது?

ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். சில வாக்கியங்களை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள். மராத்தியில் "பாள் தூத் ஓடத் நாஹீ" என்றால் குழந்தை பாலை இழுக்கவில்லை என்று பொருள். இந்தியில் "பச்சா டீக் ஸே தூத் நஹீ பீ ரஹா". வலி என்றால் "பஹுத் துக்தா ஹை". தாய்ப்பாலை மராத்தியில் பேச்சுவழக்கில் "அங்காவர்ச்ச தூத்" என்பார்கள். "ஊபர் கா தூத்", "வர்ச்ச தூத்" என்று யாராவது சொன்னால் கவனியுங்கள், அது பவுடர் பாலோ மாட்டுப் பாலோ, வெளிப்பால். புரியாமல் தலையாட்டிவிட்டால் புட்டி வந்துவிடும்.

இரண்டாம் நாள் ராத்திரி முழுக்க அழுகை. மார்பிலேயே கிடக்கிறான். பால் பத்தவில்லையா?

கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் அந்த ராத்திரி அப்படித்தான். முதல் நாள் பிறந்த களைப்பில் தூங்கும். மறுநாள் விழித்துக்கொண்டு, பால் பெருக வேண்டும் என்று விடாமல் சப்பும். எடுத்தால் அழும், வைத்தால் சப்பும், பத்து நிமிஷம் கண் மூடும், மறுபடி அழும். பிறகும் சாயங்கால வேளைகளில் இப்படி விட்டு விட்டுக் குடிக்கும். இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் இன்னொரு சுற்று வரும்.

அந்த நேரத்தில் கூட இருப்பவர்கள் செய்ய வேண்டியது, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுப்பது, குழந்தைக்கு ஈரம் மாற்றுவது, தோளில் போட்டு ஒரு அரை மணி நேரம் நடப்பது. "பிள்ளை பசியில் கத்துகிறதே" என்று அவளிடம் சொல்லாமல் இருப்பது.

பால் போதுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. மார்பு மெத்தென்று இருப்பதை வைத்தும், பீய்ச்சினால் கொஞ்சமாக வருவதை வைத்தும் சொல்ல முடியாது. மூத்திரத்தை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு தடவையோ அதற்கு மேலோ. நிறம் வெளுப்பாக இருக்க வேண்டும். மலம் கறுப்பிலிருந்து பச்சையாகி, நான்கைந்து நாளில் மஞ்சளாக வேண்டும். ஐந்து நாள் கடந்தும் கறுப்பாகவே இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

முதல் பத்து நாளுக்காவது துணி லங்கோட்டே கட்டிப் பாருங்கள் என்பது என் கருத்து. டயப்பரில் எத்தனை தடவை என்று எண்ண முடியாது. ஜூலை மழையில் துணி காயாது, தெரியும். எங்கள் வீட்டில் ஃபேனுக்கு அடியில் கொடி கட்டிக் காயப்போட்டோம். சிரமம்தான், ஆனால் எண்ணிக்கை கையில் இருந்ததால் மனசு தெளிவாக இருந்தது.

எடை முதலில் கொஞ்சம் குறையும். பிறந்த எடையில் 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் பால் கொடுக்கும் முறையைப் பார்த்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் உயிர் போகிற வலி. காம்பு வெடித்து ரத்தம் வருகிறது. இது சகஜம்தானா?

வாய் வைத்ததும் சில விநாடி சுரீரென்று இருப்பது முதல் வாரத்தில் உண்டு. குடிக்கும் நேரம் முழுவதும் வலித்தால் குழந்தை வாய் பிடித்த விதம் சரியில்லை என்று அர்த்தம். "தாய் என்றால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று சொல்லி இந்த வலியை மறைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். திருத்தக்கூடிய வலி இது.

குழந்தை காம்பை மட்டும் பிடிக்கக் கூடாது. காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். முதலில் நீங்கள் சாய்ந்து வசதியாக உட்காருங்கள், முதுகுக்குத் தலையணை வையுங்கள். குழந்தையை முழுசாக உங்கள் பக்கம் திருப்புங்கள், வயிறோடு வயிறு ஒட்ட. தலை ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கம் என்றிருந்தால் அதனால் விழுங்க முடியாது. அதன் மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டால், கொட்டாவி விடுவது போல வாயைத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையைச் சட்டென்று மார்புக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து மார்பை அதன் வாய்க்குள் திணிக்க வேண்டாம். குனிந்து குனிந்துதான் நம் முதுகு போகிறது.

சரியாகப் பிடித்தால் தாடை மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், கருவட்டம் கீழே தெரிவதைவிட மேலே அதிகம் தெரியும், விழுங்கும் சத்தம் கேட்கும். குடித்து முடித்தபின் காம்பு ஒரு பக்கம் சப்பையாக வெளியே வந்தால் பிடிப்பு சரியில்லை. வலிக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி முயலுங்கள். ஒரே வேளையில் ஐந்து தடவை எடுத்து வைத்திருக்கிறேன். எடுத்து வைக்கத்தான் கைக்கு வரும்.

வெடிப்புக்குக் குடித்தபின் உங்கள் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காற்றில் உலர விடுங்கள். லேனோலின் களிம்பும் போடலாம். சோப்பு வேண்டாம். பிடிப்பு சரியாகியும் வலி தீராவிட்டால், குழந்தைக்கு நாக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குக் காம்பு உள்ளே அமுங்கியிருக்கிறது. கொடுக்கவே முடியாதா?

பெரும்பாலும் முடியும், கொஞ்ச நாள் பிடிக்கும். கொடுக்கும் முன் விரலால் மெதுவாக உருட்டி வெளியே கொண்டுவரலாம். 10 மில்லி சிரிஞ்சின் முனையை வெட்டி, தண்டைத் திருப்பிப் போட்டு இழுக்கும் முறையை நம் ஊர் மருத்துவமனைகளில் சொல்லித் தருவார்கள். அதை நேரில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் மார்பு பாறையாகிவிட்டது. காய்ச்சலும் வருகிறது.

பால் கட்டிக்கொள்வது வேறு, கிருமி புகுந்த மார்பு அழற்சி வேறு. கட்டிக்கொண்டால் இரண்டு மார்பும் கனத்து, தோல் பளபளக்கும், கருவட்டம் இறுகி குழந்தையால் பிடிக்க முடியாது. கொடுப்பதற்கு முன் கருவட்டத்தைச் சுற்றி விரல் நுனிகளால் உள்நோக்கி ஒரு நிமிஷம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள், அந்த இடம் இளகும். கையால் கொஞ்சம் பீய்ச்சி விடலாம். கொடுத்தபின் ஈரத்துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். அதிகமாகப் பீய்ச்சித் தீர்க்கப் பார்த்தால் உடம்பு இன்னும் அதிகம் சுரக்கும்.

மும்பையில் பிரசவமான வீட்டுக்கு மாலிஷ்வாலி வருவது வழக்கம். உடம்பு பிடிப்பது சுகமாகவே இருக்கும். ஆனால் கட்டிய மார்பை அழுத்திப் பிசைய அவரை விடாதீர்கள், வீக்கம் கூடும். அதேபோல் பிறந்த குழந்தையின் மார்பு சற்று வீங்கியிருந்தால் அதைப் பிதுக்கவும் விடாதீர்கள். அது தாயின் ஹார்மோனால் வருவது, தானே வடியும். பிதுக்கினால் சீழ் பிடிக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் சிவந்து சூடாகி, 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சலும் குளிரும் உடம்பு வலியும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அந்தப் பக்கமும் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

அத்தை சேனை வைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் ஜன்மகுட்டி என்ற மூலிகை மருந்தைக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து, ஜன்மகுட்டி, கிரைப் வாட்டர், ஏன் கொதித்து ஆறிய தண்ணீர்கூட முதல் ஆறு மாதம் வேண்டாம். மே மாதப் புழுக்கத்திலும் வேண்டாம், பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. தேன் ஒரு வயது வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். டாக்டர் சொல்லும் வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும், நாளுக்கு 400 யூனிட், தவறாமல் கொடுக்கலாம்.

பெரியவர்களைப் புண்படுத்தாமல் சொல்ல ஒரு வழி உண்டு. தடுப்பூசிக்குப் போகும்போது அத்தையையும் கூட்டிப்போங்கள், டாக்டர் வாயால் அவரே கேட்கட்டும். என் மாமியாருக்குச் சேனை தொட்டு வைப்பது வெறும் சடங்காகத் தெரியவில்லை, தன் குணம் பேரனுக்கு வர வேண்டும் என்ற ஆசை. அவர் கையால் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டு ஆசீர்வதிக்கச் சொன்னோம். மனசு நிறைந்துவிட்டது.

என்ன சாப்பிட்டால் பால் ஊறும்? பத்தியம் எவ்வளவு நாள்?

பாலைப் பெருக்குவது குழந்தை சப்புவதும் பால் வெளியேறுவதும்தான். சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு. பசியோடு இருக்கிற உடம்புக்கு வேண்டியவை, சாப்பிடுங்கள். மராத்தி வீடுகளில் டிங்க் லட்டு (பிசின் சேர்த்த லட்டு) கொண்டுவந்து கொடுப்பார்கள், அதையும் சாப்பிடுங்கள். முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளுக்கு சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். அதனால் வெறும் ரசம் சோறும் சுட்ட அப்பளமும் என்று நாற்பது நாள் ஓட்டும் பத்தியத்தை நான் ஒப்பவே மாட்டேன். தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பதும் தவறு. தாகத்துக்குக் குடியுங்கள். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும்.

ஒரே அறை வீடு. மாமனார், கொழுந்தன் எல்லாரும் இங்கேதான். எங்கே உட்கார்ந்து கொடுப்பது?

பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது "நிம்மதியான சூழலில் கொடுங்கள்" என்று அறிவுரை சொல்வது சுலபம். தாராவியில் பல பெண்கள் கூச்சத்தினாலேயே கொடுக்கும் தடவைகளைக் குறைத்துக்கொள்கிறார்கள். பால் குறைகிறது. பிறகு பவுடர் டப்பா வருகிறது. காரணம் கூச்சம் என்று யாருக்கும் தெரியாது.

செய்ய முடிந்தவை: மூலையில் ஒரு கயிறு கட்டிப் பழைய புடவையைத் திரையாகப் போடுங்கள். அது எப்போதும் தொங்கட்டும், ஒவ்வொரு தடவையும் போட்டு எடுத்தால் அதுவே ஓர் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். முன்பக்கம் திறக்கும் நைட்டியும் மேலே ஒரு துப்பட்டாவும் போதும். ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் யாருக்கும் தெரியாது, தையல் வலியும் குறையும். கொடுத்தபடியே சோபாவிலோ மெத்தென்ற தலையணைகளுக்கு நடுவிலோ மட்டும் தூங்கிவிடாதீர்கள். அது குழந்தைக்கு ஆபத்து. விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு வேறு யாராவது எழுந்து பிடிக்கும்படி கணவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளை பெற்றவள் ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது.

டாக்டரே பவுடர் பால் கொடுக்கச் சொல்லிவிட்டார். நான் தோற்றுவிட்டேனா?

இல்லை. எடை மிகவும் குறைந்தால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால், குறைமாதமாக இருந்தால் குழந்தைக்குக் கூடுதல் பால் வேண்டும், அப்போது தயங்கக் கூடாது. முதலில் உங்கள் பாலையே பீய்ச்சிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்து, மற்ற தாய்மார் தானமாகக் கொடுத்த பாலைத் தரும் தாய்ப்பால் வங்கி. அதுவும் இல்லையென்றால் பவுடர். எதைக் கொடுத்தாலும் புட்டிக்குப் பதிலாக நம் பாலாடையில் கொடுங்கள். பாட்டி காலத்து அந்தச் சின்னக் கிண்ணத்தைத்தான் இன்றைக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். கொதிநீரில் போட்டெடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து அது உறிஞ்சும் வேகத்துக்கே சாய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது. சிக்கனத்துக்காகப் பவுடரில் தண்ணீரைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு வேளையும் குழந்தை மார்பையும் சப்பட்டும், இல்லையென்றால் பீய்ச்சுங்கள். பல பேர் இரண்டு வாரத்தில் முழுத் தாய்ப்பாலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். நான் மூன்று வாரத்தில் திரும்பினேன்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பவுடர் பாலையும் புட்டியையும் விளம்பரம் செய்வதும், இலவச மாதிரி கொடுப்பதும் 1992-ல் வந்து 2003-ல் கடுமையாக்கப்பட்ட சட்டப்படி குற்றம். யாராவது டப்பாவை இலவசமாக நீட்டினால் வாங்காதீர்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

எழுப்பினாலும் எழாமல், வாய் வைத்தாலும் சப்பாமல் துவண்டு கிடந்தால். ஐந்தாம் நாளுக்குப் பிறகு எட்டு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டால். 38 டிகிரி காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டுப்போனால். மூச்சு இரைத்தால், பச்சையாக வாந்தி எடுத்தால். மஞ்சள் முதல் 24 மணி நேரத்திலேயே தெரிந்தால், அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினால். வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். மற்றபடி மஞ்சள் காமாலைக்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108.

காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் வாக்கில் பால் பெருகும் சமயத்திலேயே அழுகையும் வரும். இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால், தூக்கம் கிடைத்தும் தூங்க முடியாவிட்டால், உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்று ஓர் எண்ணம் வந்துபோனால்கூட, அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இது நோய், மருந்து உண்டு. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஊரிலிருந்து வந்த அம்மா நாகர்கோவில் ரயிலேறித் திரும்பிப்போன அந்த முதல் வாரம்தான் பலருக்கும் மோசம். அந்த வாரம் தினம் ஒருவராவது வந்து எட்டிப் பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வேலைக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் பால் எப்படி?

2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. திரும்பியபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க தினம் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், விடிகாலை இட்லி அவித்து விற்கிறவர்களுக்கும் நடைமுறையில் இதெல்லாம் கிடைப்பதில்லை. அவர்களுக்குக் கையால் பீய்ச்சி வைப்பதே வழி.

கையை நன்றாகக் கழுவி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் இருக்க, மார்புக் கூட்டை நோக்கி அழுத்தி, பின் இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பை இழுக்க வேண்டாம். பீய்ச்சிய பால் வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரை உள்ள அறைக்கான கணக்கு. மும்பை வெக்கையில் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பிரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் 24 மணி நேரம். கொடுக்கும்போது அடுப்பில் சுட வைக்காமல், பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள்.

எனக்கு இப்போது பால் மிச்சமாகிறது. வீணாக்க மனசு வரவில்லை.

வீணாக்க வேண்டாம். சயான் மருத்துவமனையில் 1989-ல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆசியாவிலேயே முதலாவது அதுதான், தாராவிக்கு எதிரிலேயே இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்து, தாயால் கொடுக்க முடியாத குழந்தைகளுக்கு அங்கிருந்து பால் போகிறது. உங்கள் குழந்தை வயிறு நிறையக் குடித்தபின் மிஞ்சுவதை மட்டும் கொடுத்தால் போதும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவற்றுக்கு உங்கள் ரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி உறைய வைப்பார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிற அன்றைக்கே, பிரசவச் சீட்டையும் கையோடு எடுத்துப் போய்க் கேளுங்கள்.